பிழையும் பொய்யும் தேர்வும்
மூன்று ஜாஸ் இசைத்தட்டுகளின் மறுவெளியீடுகள் குறித்து

ஒரே இசைத்தட்டை மூன்று முறை விலை கொடுத்து வாங்குகிறவனை உலகம் அறிவாளி என்று சொல்லாது. ஆயினும் ஜாஸ் இசைத்தட்டுகளைச் சேகரிப்போர் பெரும்பாலும் இந்த மடமைக்கு ஆளானவர்களே. முதலில் கருநிற எல்.பி. தட்டு, பின்னர் அதன் குறுந்தகடு, அதன் பின்னர், மூல ஒலிநாடாவிலிருந்து புதிதாகச் செப்பம் செய்யப்பட்டது என்ற அறிவிப்போடு வரும் மற்றொரு குறுந்தகடு. இம்மூன்றையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, எது மேல், எது கீழ் என்று வாதிடுவதில் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. நானும் அவர்களுள் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாததற்கு ஒரு காரணம் உண்டு. பேத்தோவனின் ஒரு சிம்ஃபொனி தாளில் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் இசைத்தட்டு கெட்டுப்போனால் மற்றொரு இசைக்குழு அதே தாளை விரித்து அதே படைப்பை உயிர்ப்பிக்கும். ஜாஸில் அப்படியன்று. பாடலின் வடிவம் மட்டுமே முன்னால் தீர்மானிக்கப்பட்டது. அதன்மேல் எழும் கற்பனை, அந்த அறையில், அந்த இரவில், அந்த மனிதனின் மூச்சில் பிறந்து அங்கேயே மறைந்துவிடுகிறது. நமக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி ஒலிப்பதிவுதான். சாட்சியை யாரேனும் திருத்தினால், எதை, எதற்காகத் திருத்தினார்கள் என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது.

1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பதிவான மூன்று புகழ்பெற்ற இசைத்தட்டுகளையும், பல ஆண்டுகள் கழித்து வந்த அவற்றின் மறுவெளியீடுகளையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவதில் ஒரு பிழை இருந்தது. இரண்டாவதில் ஒரு பொய் இருந்தது. மூன்றாவதில் இருந்தது ஒரு தேர்வு. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும்: மூன்றிலும் நடந்தது வேறு, நாம் கேட்டது வேறு. ஆனால் மூன்றையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நீதியாகாது.

பிழை

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளும் ஏப்ரல் 22ஆம் நாளும் நியூயார்க்கில் பதிவு செய்யப்பட்டது. கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெருக் கூடம், முன்னர் ஒரு தேவாலயமாக இருந்த கட்டடம். அதன் உயர்ந்த கூரையின் கீழ் ஒலிக்கு ஒரு விசாலம் இருந்தது. டேவிஸின் ட்ரம்பெட் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு ஓயும்போது, அந்த ஓய்வும் இசையின் பகுதியாகவே நமக்குக் கேட்கிறது.

அவருடன் சாக்ஸபோன் வாசித்த இருவரையும் ஒப்பிடுவது இத்தட்டைக் கேட்போருக்குத் தீராத இன்பம். ஜான் கோல்ட்ரேன் ஒரு கணக்கைத் தீர்க்க வந்தவர்போல், ஒரே கருத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் தட்டித் திறக்க முயல்கிறார். கானன்பால் ஆடர்லியோ விருந்துக்கு வந்தவர். அவருடைய வாசிப்பில் ப்ளூஸின் வெம்மையும் சிரிப்பும் ததும்புகின்றன. இருவருக்கும் பின்னால் பில் இவான்ஸின் பியானோ, சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லி ஒதுங்கி நிற்கிறது. ஒரு பாடலில் மட்டும் அவருடைய இடத்தில் வின்டன் கெல்லி அமர்ந்திருக்கிறார்.

இத்தட்டின் உறைக்கு எழுதிய கட்டுரையில் இவான்ஸ் ஜப்பானிய ஓவியக்கலையொன்றை நினைவூட்டுகிறார். மெல்லிய தாளில் தூரிகையால் தீட்டும் அக்கலையில் அழிப்பதற்கு இடமில்லை. கை தயங்கினால் கோடு கெட்டுவிடும். குழுவாகச் சேர்ந்து கற்பனையில் இசைப்பதும் அத்தகையதே என்பது அவர் கருத்து. அழிக்கவியலாத கலை என்று அறிமுகம் செய்யப்பட்ட இத்தட்டிலேயே, யாரும் அறியாமல் ஒரு பிழை குடிகொண்டிருந்தது என்பது விந்தையே.

மார்ச் 2ஆம் நாள் ஓடிய முதன்மை ஒலிப்பதிவுக் கருவி சற்றே மெதுவாகச் சுழன்றது. மெதுவாகப் பதிவான நாடாவைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் இசை விரைவுபடும்; சுருதியும் உயரும். அந்த உயர்வு ஓர் அரைச்சுரத்தினும் குறைவு. எனினும், அன்று பதிவாகி எல்.பி.யின் முதற்பக்கத்தில் இடம்பெற்ற மூன்று பாடல்களும் உலகெங்கும் அந்தத் தவறான சுருதியிலேயே ஒலித்தன. அவற்றுடன் தம் பியானோவைச் சேர்த்து வாசித்துப் பார்த்தவர்கள், தம் கருவியைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். அன்று பாதுகாப்புக்கென மற்றொரு கருவியும் ஓடியிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. 33 ஆண்டுகள் கழித்து, 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான் அந்த நாடாவைக் கொண்டு பிழை நீக்கப்பட்டது. 1997இன் பதிப்பு அத்திருத்தத்தை எல்லாருடைய கைக்கும் கொண்டு சேர்த்தது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் என்ன வேறுபாடு? 'ஸோ வாட்' பாடலின் தொடக்கத்தில் பால் சேம்பர்ஸின் டபுள் பேஸ் எழுப்பும் கேள்வி, திருத்திய பதிப்பில் சற்றுக் கனத்து, நிழல் கூடி ஒலிக்கிறது. டேவிஸின் ட்ரம்பெட்டில் இருந்த மெல்லிய கூர்மை தணிந்து, பேச்சுக்குரல் நெருங்கி வருகிறது. பதிப்பாசிரியர் செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை. இசைக்கலைஞர் எவரும் அந்த உயர்ந்த சுருதியை விரும்பித் தேர்ந்ததில்லை. இயந்திரத்தின் தவற்றை இயந்திரத்தைக் கொண்டே சரிசெய்திருக்கிறார்கள்.

ஆயினும், 33 ஆண்டுகள் உலகம் நேசித்தது அந்தப் பிழையான சுருதியைத்தான். அந்த நேசம் பொய்யாகிவிடுமா? ஆகாது என்றே எண்ணுகிறேன். அச்சுப்பிழையோடு படித்த நூலும் நம்மை வளர்த்திருக்கிறது. பிழையில் வஞ்சகமில்லை. ஆகவே திருத்திய தகட்டைக் கேட்பதற்கும், பழைய தட்டை நினைவுக்குமாக வைத்துக்கொள்வதில் முரண்பாடு ஏதுமில்லை. முதல் அச்சுகளின் மேலுறைகள் சிலவற்றில், இரண்டாம் பக்கத்தின் இரு பாடல்களுடைய பெயர்கள் இடம் மாறியிருந்தன. சேகரிப்போர் அத்தகைய தட்டுகளுக்கே மிகுந்த விலை தருகிறார்கள். பிழையை விலைபேசுவது பேராசையின் வேலை. பிழையைப் பொறுத்துக்கொள்வது அன்பின் வேலை. இவை வேறு வேறு.

1997இன் பதிப்பு 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' பாடலின் கைவிடப்பட்ட முதல் முயற்சியையும் சேர்த்துத் தருகிறது. ஐந்து சுரவரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும் அமைப்பு இரண்டிலும் ஒன்றே. ஆனால் அதன்மேல் எழுந்த மெட்டுகள் வேறு. முதல் முயற்சியில் பாதையைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள்; வெளியிடப்பட்டதில் பாதையை மறந்து நடக்கிறார்கள். அன்று தேர்ந்தெடுத்தவர்களின் செவி பழுதற்றது என்பதை அவர்கள் ஒதுக்கியதே நிரூபிக்கிறது.

பொய்

இரண்டாவது தட்டின் கதை வேறு வகையானது. 1956ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இரவு, ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் ஜாஸ் விழாவில் ட்யூக் எல்லிங்டன் தம் குழுவோடு மேடையேறினார். அக்காலத்தில் அவர் புகழ் மங்கியிருந்தது. பெரிய இசைக்குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் தீர்ப்பெழுதிவிட்டிருந்தனர். குழு முழுமையாக வாசிக்கத் தொடங்கியபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. கேட்போரில் சிலர் வீடு திரும்பத் தொடங்கியிருந்தனர்.

அப்போது எல்லிங்டன் 1937இல் தாம் இயற்றிய 'டிமினுவெண்டோ இன் ப்ளூ', 'கிரெசெண்டோ இன் ப்ளூ' என்னும் இரு பகுதிகளை எடுத்தார். இரண்டுக்கும் இடையே டெனர் சாக்ஸபோன் வாசிக்க எழுந்தவர் பால் கொன்சால்வெஸ். பன்னிரண்டு தாள அளவுகள் கொண்ட ப்ளூஸ் சுற்றை அவர் 27 முறை இடைவிடாது வாசித்தார். ஆறு நிமிடங்களுக்கும் மேலாக நீண்ட அந்த வாசிப்பில் கூட்டம் எழுந்து ஆடத் தொடங்கியது. கலவரம் மூளுமோ என்று விழா அமைப்பாளர்கள் அஞ்சினர். அடுத்த மாதம் 'டைம்' இதழின் அட்டையில் எல்லிங்டனின் முகம் வந்தது. தாம் அந்த நியூபோர்ட் இரவில்தான் பிறந்ததாக அவர் பின்னாளில் வேடிக்கையாகச் சொல்லிவந்தார்.

அந்த இரவைப் பதிவு செய்ததாகக் கொலம்பியா வெளியிட்ட 'எல்லிங்டன் அட் நியூபோர்ட்' அவருடைய தட்டுகளிலேயே மிகுதியாக விற்றது. ஆனால் தட்டில் இருந்தது முழுதும் அந்த இரவன்று. விழாவுக்கென எழுதிய புதிய இசைத்தொடர் ஒத்திகை போதாமல் மேடையில் தடுமாறியிருந்தது. எனவே தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் இரு நாட்கள் கழித்து, ஜூலை 9ஆம் நாள் குழுவை நியூயார்க் பதிவுக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, பல பகுதிகளை மீண்டும் வாசிக்கச் செய்தார். பின்னர் அவற்றின்மேல் கைதட்டல் ஒலி சேர்க்கப்பட்டது. கொன்சால்வெஸின் வாசிப்பு மேடையில் நிகழ்ந்ததே. ஆனால் அவர் கொலம்பியாவின் ஒலிவாங்கியை விட்டுவிட்டு, 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியின் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டார். அதனால் தட்டின் உச்சக்கட்டமான அந்த 27 சுற்றுகளும், அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் தொலைவில் ஒலித்தன.

1990களில் அந்த வானொலியின் நாடா, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. எல்லிங்டனின் நூற்றாண்டான 1999இல், ஃபில் ஷாப் இரு நாடாக்களையும் இணைத்து, அந்த இரவு முழுவதையும் இரு குறுந்தகடுகளாக வெளிக்கொணர்ந்தார். மேடையில் நடந்தது இது, கூடத்தில் வாசித்தது இது என்று இரண்டையும் பிரித்தும் காட்டினார்.

பழைய தட்டை நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். அந்தக் கைதட்டல் எழும்போது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றிருக்கிறேன். அதில் ஒரு பகுதி பின்னால் ஒட்டப்பட்டது என்று அறிந்தபோது எழுந்தது கோபமன்று, வெட்கம். இசையைப் பற்றிய என் தீர்ப்பை எத்தனை முறை என் செவி அந்தக் கைதட்டலிடம் கடன் வாங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். போலிக் கைதட்டலின் தீங்கு அதுதான். அது இசையின் ஒரு சுரத்தையும் மாற்றுவதில்லை. கேட்பவனின் தீர்ப்பை அவனுக்கு முன்னாலேயே எழுதிவிடுகிறது.

இதில் வருந்தத்தக்கது என்னவெனில், பொய் தேவையே இல்லாத இடத்தில் பொய் சொல்லப்பட்டிருக்கிறது. 1999இன் பதிப்பில் கொன்சால்வெஸ் நம் முன்னால் வந்து நிற்கிறார். அவருடைய மூச்சு, சுற்றுக்குச் சுற்று ஏறும் துணிவு, இடையிடையே குழுவினர் எழுப்பும் உற்சாகக் குரல்கள் எல்லாம் தெளிவாகின்றன. அவர் பெரும் சிற்பியல்லர். அவருடைய மெட்டுகளில் அழகைவிட விடாப்பிடியே மிகுதி. அவரை அடுத்து, கொந்தளித்த கூட்டத்தைத் தணிக்க ஜானி ஹாட்ஜஸ் தம் ஆல்டோ சாக்ஸபோனுடன் வருகிறார். நான்காண்டுகள் பிரிந்திருந்து 1955இல் குழுவுக்குத் திரும்பியவர் அவர். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு எண்ணெய் ஒழுகுவதுபோல் வழுக்கிச் செல்லும் அவருடைய வாசிப்பே எனக்கு மேலானதாகப் படுகிறது. கொன்சால்வெஸ் அந்த இரவை வென்றார். ஹாட்ஜஸ் அதற்கு அமைதி தந்தார். இந்த ஒப்பீடு பழைய தட்டில் இயலாது. ஒருவர் தொலைவில் நிற்க, மற்றவரின்மேல் கூடத்தின் மெருகு ஏறியிருந்தது.

ஷாப்பின் பதிப்பிலும் ஒரு செயற்கை உண்டு. இரு வேறு ஒற்றைத்தட நாடாக்களை இடமும் வலமுமாக வைத்து, எவரும் அன்று பதிவு செய்யாத ஸ்டீரியோ ஒலியை அவர் உருவாக்கியிருக்கிறார். இதுவும் ஒட்டுவேலைதானே என்று கேட்கலாம். என் விடை இதுதான்: அந்த இரவில் ஒலிக்காத எதையும் அவர் சேர்க்கவில்லை. இரு சாட்சிகளை ஒரே அவையில் நிறுத்துவதும், வராத சாட்சியை வந்ததாக எழுதுவதும் ஒன்றாகா.

தேர்வு

மூன்றாவது தட்டு ஒரு நிலவறையில் பிறந்தது. நியூயார்க்கின் கிரெனிச் வில்லேஜ் பகுதியில் உள்ள வில்லேஜ் வான்கார்ட் ஒரு சிறிய ஜாஸ் மன்றம். 1961ஆம் ஆண்டு ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலும் இரவுமாக, நாம் முன்பு கண்ட அதே பில் இவான்ஸ் அங்கே ஐந்து அமர்வுகள் வாசித்தார். டபுள் பேஸில் ஸ்காட் லஃபாரோ. டிரம்ஸில் பால் மோஷியன். மூவரில் ஒருவர் முன்னின்று மற்றிருவர் துணைநிற்கும் வழக்கத்தை அவர்கள் கைவிட்டிருந்தனர். பேஸ் தாளத்தை மட்டும் காக்காமல், பியானோவுக்குப் பதில் சொல்லியது. சில வேளை அதன் பேச்சை இடைமறித்தது.

பதினோரு நாட்கள் கழித்து, ஜூலை 6ஆம் நாள், லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். வயது 25. இவான்ஸ் பல மாதங்கள் மேடையேறவில்லை. அவரும் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸும் அந்த நாளின் பதிவுகளிலிருந்து ஆறு பாடல்களைத் தேர்ந்து, 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்' என்ற தட்டை ஆக்கினர். இறந்தவரின் பேஸ் மேலோங்கி நிற்கும் பாடல்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. தொடக்கத்தில் லஃபாரோ இயற்றிய 'குளோரியாஸ் ஸ்டெப்'. இறுதியில் அவரே இயற்றிய 'ஜேட் விஷன்ஸ்'. மேலும் ஆறு பாடல்கள் 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற தட்டாகப் பின்னர் வந்தன.

இந்தத் தட்டிலும் நடந்ததும் கேட்டதும் ஒன்றல்ல. நாளின் வரிசை கலைக்கப்பட்டது. பல பாடல்கள் விடப்பட்டன. ஆனால் இதைப் பொய் என்று யார் சொல்வார்? ஒரு மரணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த நாளைத் திரும்பிப் பார்த்தார்கள். இறந்த நண்பனின் படங்களில் நல்லவற்றை எடுத்துச் சட்டமிட்டு மாட்டுவதுபோன்ற செயல் அது. இல்லாத எதையும் அவர்கள் சேர்க்கவில்லை.

2005இல் அந்த நாள் முழுவதும் மூன்று குறுந்தகடுகளாக, வாசித்த வரிசையிலேயே வந்தது. அதைக் கேட்பது வேறோர் அனுபவம். மேசைகளில் குவளைகள் உரசும் ஒலியும், பேச்சும், யாரோ ஒரு பெண்ணின் சிரிப்பும் இசையோடு கலந்து வருகின்றன. பழைய தட்டுகளிலும் இவை உண்டு. ஆனால் நாள் முழுதும் தொடர்ந்து கேட்கும்போதுதான், எத்தனை பேர் செவிசாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது புலனாகிறது. ஒரு காலத்தில் அந்தக் குவளை ஒலி எனக்கு எரிச்சலூட்டியது. நியூபோர்ட்டின் கதையை அறிந்த பின் அது எனக்கு விலைமதிப்புடையதாயிற்று. அங்கே வராத கைதட்டலை வந்ததாகச் சேர்த்தார்கள். இங்கே இருந்த அலட்சியத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். பாராட்டுவோர் குறைவென்று அறிந்தும் மூவர் இத்துணை நுட்பமாக ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு, அந்தக் குவளைகளே சான்று.

மூன்று மறுவெளியீடுகளுள் இதுவே சிறந்தது என்பது என் முடிவு. ஒலியின் தூய்மையில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' உயர்ந்தது. வரலாற்றுப் பயனில் நியூபோர்ட் உயர்ந்தது. ஆனால் முதல் இரண்டும் பழைய தட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன; மூன்றாவதோ பழையதைப் பதவியிறக்காமல் அதன் அருகில் வந்து அமர்கிறது. துக்கத்தில் தேர்ந்தெடுத்த தட்டு, லஃபாரோவின் இறப்பை அறிந்த தட்டு. முழு நாளின் பதிவோ, அந்த இறப்பை அறியாத பதிவு. இரண்டும் நமக்கு வேண்டும்.

மறுவெளியீட்டாளரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் இதிலிருந்தே தெளிவாகிறது. பிழையைத் திருத்துங்கள், பொய்யை வெளிப்படையாகச் சொல்லுங்கள், தேர்வை மதித்து, விடப்பட்டதை அதன் பக்கத்தில் வையுங்கள். மூன்றையும் ஒரே செப்பத்தால் வழுவழுப்பாக்கி, 'புதுப்பிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லால் விற்பதுதான் குற்றம். சேகரிப்போராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. தட்டு எத்தனையாவது அச்சு என்று கேட்பதற்கு முன், அது நமக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

2005இன் பதிப்பு அந்த ஞாயிற்றுக்கிழமையின் முதல் பாடலோடு தொடங்குகிறது. அது 'குளோரியாஸ் ஸ்டெப்' பாடலின் முதல் வாசிப்பு. இடையில் மின்சாரம் தடைப்பட்டதால் ஒலி சற்று அறுந்து, மீண்டும் வருகிறது. அக்குறையால்தான் 1961இல் அதை வெளியிடவில்லை; வேறொரு வாசிப்பையே தட்டில் சேர்த்தார்கள். அது சரியான தேர்வு. இன்று அந்த அறுபட்ட இடத்தை நிரப்பாமல் விட்டிருப்பதும் சரியே. அங்கே ஒலி மறைந்து திரும்பும்போது மூவரும் வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். நாடாதான் நின்றது; அவர்கள் நிற்கவில்லை. லஃபாரோவுக்கு இன்னும் பதினோரு நாட்கள் இருக்கின்றன.